பித்திக மொட்டும் இரண்டு கோல்களும்

சென்ற கார்த்திகையில் ஒரு பிற்பகல். மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கு நெடுநல்வாடை நடத்திக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே வானம் மந்தாரம் போட்டிருந்தது. மூன்று மணிக்கு மின்சாரமும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரமும் சைக்கிள் கொட்டகையும் ஒரே சாம்பல் நிறமாகிக் கிடந்தன. கரும்பலகையில் எழுதியது எனக்கே தெரியவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அம்மா, மணி அஞ்சாயிருச்சா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மணி மூன்றே முக்கால்தான். கேட்டவள் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தாள்.

அவள் விடுதி மாணவி. மற்ற மாதங்களில் ஆறரைக்கு அடைக்கிற விடுதிக் கதவை மழை மாதங்களில் ஐந்தரைக்கே அடைத்துவிடுவார்கள். தாமதமாக வந்தால் வீட்டுக்குத் தொலைபேசி போகும். அறிவிப்புப் பலகையில் அதற்கான காரணம் ஒரே சொல்லில் இருக்கிறது: 'இருட்டிவிடுவதால்.' நம் பக்கத்தில் கார்த்திகையில் சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறு மணிக்கு. நடுக்கோடைக்கும் இதற்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. ஐந்தரைக்குச் சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மேகம் வந்தாலே மாலை வந்துவிட்டது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு இந்தப் பெண்ணின் உடம்புக்குள் இறங்கி, மூன்றே முக்காலுக்கே அவளைப் பையை மூட வைக்கிறது.

நான் நடத்திக்கொண்டிருந்த பகுதியும் பொழுது தெரியாமல் போவதைப் பற்றியதுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நெடுநல்வாடை நக்கீரர் பாடிய 188 அடிப் பாட்டு. கூதிர்க்கால மழையில் தொடங்குகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மந்தையை ஓட்டிப்போன ஆயர்கள் நெருப்பில் கை காய்கிறார்கள், பல் நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்கு கூனிக் குறுகுகிறது, பசு கன்றை உதைக்கிறது. தேர்வுக்கு வரும் பகுதி இதுதான். பிறகு நகரம் வருகிறது. அங்கே வானம் மூடியிருப்பதால் பொழுது தெரியவில்லை. பெண்கள் பித்திக மொட்டுகளைப் பூந்தட்டில் இட்டு வைத்திருக்கிறார்கள். பித்திகம் என்பது நாம் சொல்லும் பிச்சிதான். அது கட்டவிழ்ந்து மணம் வரும் பக்குவத்தை வைத்து மாலையாகிவிட்டது என்று அறிகிறார்கள். இரும்பு விளக்கில் எண்ணெய் நனைந்த திரியை ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். அடுத்தபடியாக, அதே இருட்டில், வீட்டுப் புறாக்கள் இரவா பகலா என்று தெரியாமல் இரை தேடவும் போகாமல் மாடத்தில் கால் மாற்றி மாற்றி நிற்கின்றன.

புறாவுக்குத் தெரியவில்லை, பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. நக்கீரர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அங்கிருந்து முப்பது அடிகள் போல் தள்ளி அரண்மனை கட்டும் செய்தி வருகிறது. நடுப்பகல். சூரியன் எந்தப் பக்கமும் சாயாத வேளை. இரண்டு கோல்களை நட்டு, அவற்றின் நிழல் குறி பிசகாமல் பார்த்து, நூல் கற்ற புலவர்கள் கயிறு இட்டுத் திசை கணித்து மன்னனுக்கு மனை வகுக்கிறார்கள். கட்டடக் கலை வரலாறு எழுதுபவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். பண்டைத் தமிழரின் அறிவியல் என்று மேடைகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கைதட்டியும் இருக்கிறேன்.

ஆனால் கோல்களின் கணக்கு நிழல் விழுந்தால்தான் நடக்கும். தெளிந்த வானத்தில் சூரிய ஒளி ஒரே திசையிலிருந்து வருகிறது. குறுக்கே நிற்கும் பொருள் அந்த ஒளியை மறிப்பதால் எதிர்ப்பக்கம் நிழல் விழுகிறது. மேகம் மூடினால், மேகத்திலுள்ள கோடிக்கணக்கான நீர்த்துளிகள் அந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். வானம் முழுவதுமே மங்கலான ஒரு விளக்காகிவிடும். எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வருவதால் எதற்கும் நிழல் இருக்காது. முழு வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கிற ஒளி, அடர்ந்த மூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். கண் பழகிக்கொள்வதால் அந்த வீழ்ச்சி நமக்கு முழுதாகத் தெரிவதில்லை. இப்படிப்பட்ட நாளில் கோல் வெறும் கோல்தான். நூல் கற்ற புலவர் வீட்டுக்குப் போகலாம். பிச்சி மொட்டு மட்டும் தன் கணக்கில் விரிகிறது.

ஆக ஒரே பாட்டில் பொழுதறியும் முறைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வெயிலை நம்பியது, கருவி உடையது, ஆண்களுடையது. அதற்குப் 'புலவர்' என்ற பட்டமும் உண்டு. மற்றது வெயில் கைவிட்ட நாளுக்கானது, மூக்கையும் பூந்தட்டையும் நம்பியது, பெண்களுடையது. அதற்கு இன்றுவரை பெயர் கிடையாது.

என் முனைவர் பட்ட ஆய்வில் இதற்கென்று ஓர் இயல் எழுதியிருந்தேன். 'பொழுதறிதல்' என்று தலைப்பு. நாற்பது பக்கத்துக்கு மேல் இருக்கும். மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு, "கோல் நட்டது அறிவு. பூ மலர்ந்ததைப் பார்த்து விளக்கேற்றுவது வீட்டுப் பழக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்போது எனக்கு முப்பது வயது, கையில் குழந்தை, உதவித்தொகை முடிய நான்கு மாதம். இயலை நீக்கிவிட்டேன். அது ஓர் அடிக்குறிப்பாக மிஞ்சியது. அந்த அடிக்குறிப்பைப் படித்ததாக இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

எனக்கு நேர்ந்ததை மட்டும் வைத்து இதை எழுதவில்லை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அன்றிலிருந்து நெடுநல்வாடையைப் பற்றி அதிகம் எழுதப்பட்டது ஒரே கேள்வியைத்தான்: இது அகமா, புறமா? படைவீரனின் வேலில் வேப்பம்பூ மாலை இருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். தலைவன் இன்னான் என்று சுட்டப்பட்டுவிட்டதால் இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். வேலின் நுனியில் இருந்த ஒரு கொத்து வேம்புக்கு நூறாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. தட்டிலிருந்த பித்திகத்துக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. இரண்டும் பூதான்.

அரசியின் அறைக்கு வருவோம். கோல் நட்டுத் திசை பார்த்துக் கட்டிய அந்த மாளிகைக்குள் ஒளியும் வானமும் என்ன ஆகின்றன என்று பாருங்கள். நகரத்து வீடுகளில் தென்றல் வர வைத்த சாளரங்களின் கதவுகள் முன்பே தாழிடப்பட்டிருக்கின்றன. அங்கே விசிறிகளில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. இங்கே மாளிகைக்குள் யவனர் செய்த பாவை விளக்கு ஒன்று, உலோகப் பெண்ணொருத்தி கையில் அகல் ஏந்தி நிற்பது. அதில் சுடர் எரிகிறது. கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய விதானச் சீலை. அதில் ராசி மண்டலம் எழுதப்பட்டிருக்கிறது. திங்களைப் பிரியாத உரோகிணியை நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள் அரசி. அவளுக்குக் கிடைத்த வானம் அதுதான், துணியில் எழுதிய வானம். அதில் மேகம் வராது, பொழுது சாயாது. அவளைச் சுற்றியுள்ள செவிலியர் ஆறுதல் சொல்கிறார்கள். மழை எப்படிப் பெய்கிறது என்பதை அவள் யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே இரவில் பாசறையில் அரசன் வெளியே நிற்கிறான். புண்பட்ட வீரர்களைப் பார்க்க நள்ளிரவில் நடந்து வருகிறான். வாடைக்காற்று அடிக்க அடிக்க விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்ந்து எரிகின்றன. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். வடகாற்றைச் சொல்ல, சுடரின் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே போதும். ஒளி வானிலையைக் காட்டும் கருவியாகிவிடுகிறது. அரசிக்கு அந்தச் சுடர் கிடையாது. யவனப் பாவையின் அகலில் காற்றே படுவதில்லை.

மூன்று இடங்கள், மூன்று ஒளிகள். தெருவில் இருக்கும் பெண் பூவை வைத்துப் பொழுதைக் கண்டுபிடிக்கிறாள். வெளியில் நிற்கும் ஆணுக்குச் சுடரே காற்றைச் சொல்கிறது. உள்ளே படுத்திருக்கும் உயர்குலத்துப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அந்தஸ்து ஏற ஏறப் பெண்ணை வானிலையிலிருந்து தள்ளி வைக்கிறது வீடு. நக்கீரர் இதைக் குறையாகச் சொன்னார் என்று நான் வாதாடமாட்டேன். அவர் பார்த்து எழுதியிருக்கிறார், அது போதும்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது தென்காசிக்குப் பக்கத்தில். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் பூமி. ஆனி ஆடியில் சாரல். ஒரு நிமிடம் வெயில், மறு நிமிடம் தூறல், இரண்டும் சேர்ந்தால் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம். குற்றால மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர் நிற்கும். திடீரென்று மழை வெறித்தால், தூசி எல்லாம் கழுவிப்போன காற்றில் மலை நாலு அடி கிட்டத்தில் வந்து நிற்பதுபோல் ஒவ்வொரு மரமும் தெரியும். நான் கவிதை எழுத வந்ததற்கு அந்த மலைதான் காரணம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். அம்மா பீடி சுற்றினாள். அதைச் சொல்லாமல் விட்ட பேட்டிகளும் உண்டு.

பீடி சுற்ற வெளிச்சம் வேண்டும். நரம்பு பார்த்து இலை வெட்டவும், வாய் மடக்கவும், நூல் கட்டவும் கண் தேவை. மட்டமாக இருந்தால் கடையில் கழித்துவிடுவார்கள், கழித்ததற்குக் கூலி கிடையாது. அதனால் தெருப் பெண்கள் எல்லோரும் முறத்தோடு வாசல் திண்ணையில் இருப்பார்கள். சாரல் நாளில் ஒளி திண்ணையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அம்மாவும் அதோடு நகர்வாள். தூண் ஓரம், படிக்கட்டு, பிறகு மறுபடி தூண். நான் அந்தத் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதியவள். அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதை வைத்தே வெளியே எப்படி மூடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டில் கடிகாரம் இருந்தது. அது எங்கள் அப்பா ஊரில் இல்லாத மாதங்களில் ஓடாது. சாவி கொடுப்பது அவர் வேலை. துவைக்கிற கல் பக்கத்தில் அந்திமந்தாரைச் செடி நின்றது. மூட்டமான நாளில் அது வாய் திறந்தவுடன் அம்மா முறத்தை எடுத்து வைத்துவிட்டு எழுவாள். "பொழுது ஆச்சு, வெளக்க ஏத்து" என்பாள். பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு, உலை வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போவாள்.

நெடுநல்வாடையை முதன்முதலாக எம்.ஏ. வகுப்பில் படித்தபோது இந்தச் செடி என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் வெட்கப்பட்டு மறைத்திருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அம்மாவின் திண்ணையை அழகாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு ஒளி தெரிந்திருந்தது உண்மை. அந்த ஒளியை வேடிக்கை பார்க்க அவளுக்கு ஒரு நாளும் நேரம் இருந்ததில்லை என்பதும் உண்மை.

குறுந்தொகையிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. தொல்காப்பியம் முல்லைக்குக் கார்காலத்தையும் மாலையையும் வகுத்துக் கொடுத்தது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. ஒவ்வொரு நிலத்துக்கும் எந்தப் பருவம், எந்த வேளை என்று சொல்வதும் ஒருவகையில் எந்த ஒளி என்று சொல்வதுதான். ஆனால் இந்த ஒளியைப் பின்னாளில் எப்படி வாசித்தோம்? 1967இல் ஏ.கே.ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று பெயர் வைத்தார். உள்ளே இருக்கும் நிலக்காட்சி. அருமையான பெயர், அது உலகம் முழுக்கச் சங்கக் கவிதையைக் கொண்டுபோனது. அந்தப் பெயரின் நிழலில் வளர்ந்த நாங்கள் மேகம் என்றால் அவள் மனம், மங்கிய மாலை என்றால் அவள் ஏக்கம் என்று உடனே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். வெளியே உண்மையிலேயே மேகம் இருந்ததும், அவள் அதை அண்ணாந்து பார்த்ததும் மறந்துபோயின.

234ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிளைப்பெருங்கந்தன் பாடியது, தலைவி பேசுவது. சூரியன் மறைந்து வானம் சிவந்து முல்லை மலரும் வேளையைத்தான் மாலை என்று சொல்பவர்கள் அறியாதவர்கள் என்கிறாள். துணை இல்லாதவர்களுக்குக் கோழி கூவும் விடியலும் மாலைதான், பகலும் மாலைதான். கல்லூரி நாட்களில் இதை டைரியில் எழுதி வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். இன்றும் பெரிய கவிதை என்றுதான் சொல்வேன். ஆனால் விடுதி அறிவிப்பைப் பார்த்த பிறகு எனக்குள் ஒரு முரண்டு. ஓர் ஆண் கவிஞன் பெண்ணின் குரலில், அவளுக்கு எல்லா ஒளியும் ஒன்றுதான் என்கிறான். விடியலுக்கும் பகலுக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவள் அன்பில் கரைந்தவள். உணர்ச்சியின் உச்சமாக இதை ரசிக்கிற நாம், அவளுடைய கண்ணைப் பறித்துக்கொண்டதைக் கவனிப்பதில்லை. அதே நேரம் வேறொரு வாசலும் அந்தப் பாட்டில் இருக்கிறது. மாலை எது என்று வரையறுத்தவர்களை அவள் மூடர்கள் என்கிறாளே! பொழுதுக்கு இலக்கணம் வகுத்த அதிகாரத்தோடு மோதுகிறாளே! இந்த இரண்டு வாசிப்பில் எது சரி என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

21, 66 ஆகிய இரண்டு பாட்டுகளிலும் கொன்றை பூத்துவிடுகிறது. ஓதலாந்தையாரின் தலைவி, காடே கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள். கோவர்த்தனாரின் தோழி, கொன்றைதான் மடத்தனமாகப் பருவமில்லாத மழையை நம்பிப் பூத்துவிட்டது என்கிறாள். ஆற்றுவிக்கச் சொன்ன பொய் என்று பாடம் நடத்துகிறோம். இருக்கலாம். ஆனால் பருவ மழைக்கும் பருவம் தவறிய மழைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவள்தானே அந்தப் பொய்யைச் சொல்ல முடியும்?

ஒக்கூர் மாசாத்தியாருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். குறுந்தொகையில் அவருடைய பாட்டுகள் ஐந்து. அவற்றைத் தொடர்ச்சியாக ஒரே மூச்சில் படித்தால் ஒன்று தென்படும். 126இல் கார்காலம் முல்லை அரும்புகளைப் பல்லாகக் காட்டிச் சிரிக்கிறது. 186இலும் முல்லை பல் போல அரும்புகிறது. 220இல், அரிந்த வரகுத் தாளின் பக்கத்தில் மலர்ந்த முல்லை காட்டுப்பூனை சிரித்ததுபோல் இருக்கிறது. ஐந்தில் மூன்றில் பல். இதை உவமைப் பஞ்சம் என்று ஒருவர் கருத்தரங்கில் சொல்லக் கேட்டேன்.

மழை மூட்டத்துக் கருக்கலில் வெளியே நின்று பார்த்தவர்களுக்கு இது பஞ்சமாகத் தோன்றாது. ஒளி குறையும்போது கண் முதலில் நிறங்களை இழக்கிறது. சிவப்பு கறுத்துப்போகும், பிறகு பச்சையும் மண்ணும் ஒன்றாகும். கடைசிவரை தாக்குப்பிடிப்பது வெள்ளை. அந்த நேரத்தில் முல்லைக் கொடி தெரியாது, இலை தெரியாது. இருட்டுக்குள் வெள்ளையாகச் சின்னச் சின்னதாக, வரிசையாக ஏதோ மட்டும் தெரியும். முகம் இல்லாமல் பல் மட்டும். மாசாத்தியார் பூவுக்கு உவமை தேடவில்லை, அந்த ஒளியில் கண் எதைப் பார்க்கிறதோ அதை எழுதியிருக்கிறார்.

அந்தப் பல் யாருடையது என்பதிலும் அவருக்குக் கூச்சமில்லை. 220இல் காட்டுப்பூனை உவமையாக வருகிறது. 139இலும் மாலையில்தான் வேலியோரம் காட்டுப்பூனைகள் வருகின்றன. வீட்டுக்கோழி எங்கே புகுவது என்று தெரியாத குஞ்சுகளைக் கூவிக் கூவிச் சேர்க்கிறது. அந்தக் கூவலைப்போல் ஊர் அலர் எழுகிறது என்கிறாள் பேசுகிறவள். மங்கிய ஒளியில் பெண்ணுக்கு என்ன ஆபத்து, அதைவிட ஊர் வாய் என்ன பெரிய ஆபத்து என்று மாசாத்தியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடுதிக் காப்பாளருக்குத் தெரிந்த எல்லாம் அவருக்கும் தெரியும்.

தெரிந்தும் 275ஐ எழுதியிருக்கிறார். மணியோசை கேட்கிறது. மாலையில் வீடு திரும்பும் பசுக்களின் கழுத்து மணியா, வேலை முடித்து ஈர மணல் வழியே வருகிறவனின் தேர் மணியா? தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன செய்வது? முல்லை படர்ந்த பாறை மேல் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம், வா, என்கிறாள் தோழி. இவ்வளவுதான் பாட்டு. மாளிகைக்குள் துணி வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவளுக்கும், எல்லாமே மாலைதான் என்று சொன்னவளுக்கும் இல்லாத ஒன்று இந்த இரண்டு பெண்களுக்கு இருக்கிறது. ஐயம் வந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறார்கள், அல்லது பார்க்கப் போகலாம் என்று நினைக்கவாவது முடிகிறது. ஒளி போய்க்கொண்டிருக்கிறது, காது துணை செய்கிறது, கல் ஈரமாக இருக்கிறது.

இதை நடத்திய அன்று, மூன்றே முக்காலுக்குப் பை மூடிய அதே பெண் கேட்டாள்: "அந்தப் பாறையில ஏற அவங்க யார்கிட்டம்மா அவுட்பாஸ் வாங்குனாங்க?"

வகுப்பு மறுபடி சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. நான் அந்த ஊருக்கு வந்து பதினொரு வருடம். கல்லூரிக்குப் பின்னால் அரைக் கிலோமீட்டரில் மொட்டைப் பாறை ஒன்று இருக்கிறது. மாலையில் பையன்கள் ஏறி உட்கார்ந்திருப்பது என் வீட்டு மாடியிலிருந்தே தெரியும். நானும் ஏறியதில்லை.

அடுத்த வாரம் அனுமதிக் கடிதம் எழுதினேன். 'களப்பயணம்' என்று போட்டேன். நோக்கம் என்ற இடத்தில் 'குறுந்தொகை 275' என்று எழுதினேன். படித்தவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். பொறுப்பு முழுவதும் என்னுடையது என்று தனியாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆறேகாலுக்குள் திரும்ப வேண்டும். பதினான்கு பேர் வந்தார்கள்.

மதியம் பெய்த மழை நாலரைக்கு வெறித்தது. பாறை வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினோம். மேலே நின்றபோது எங்கும் ஒரே சாம்பல். கண்மாய், கருவேலம், ரயில் பாதை எதற்கும் நிழல் இல்லை. "கோல் நட்டாலும் ஒண்ணும் தெரியாதும்மா" என்றாள் ஒருத்தி. ஐந்தரைக்கு, விடுதிக் கதவு அடைக்கிற நேரத்தில், மேற்கே மேகத்துக்கும் தொடுவானத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி திறந்தது. அதன் வழியாகச் சூரியன் படுக்கைவசமாக வந்தது. நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகிற ஒளி, நீலமெல்லாம் வழியிலேயே சிதறிப்போய் மஞ்சளும் செம்மையும் மட்டும் மிஞ்சியது. ஈரச் செம்மண் எரிகிறது போலிருந்தது. பின்னால் கிழக்கே கன்னங்கரேலென்ற மேகம், அதற்கு முன்னால் பச்சைப் பச்சையாகக் கருவேலம். பதினான்கு பேருக்கும் நீள நீளமாக நிழல் விழுந்தது. நிழல்களைக் கையசைக்க வைத்து விளையாடினார்கள். யாரும் படம் எடுக்கவில்லை என்று சொன்னால் பொய், எல்லோரும் எடுத்தார்கள்.

சூரியன் இறங்கியதும் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கியது. ஒருத்தியின் சிவப்புத் துப்பட்டா முதலில் கறுத்தது. பச்சை போனது. கண்மாய்க் கரையில் கொக்குகள் மட்டும் வெள்ளையாக நின்றன. "பல்லு மாதிரி இருக்கும்மா" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன். இருட்டில் முகம் தெரியவில்லை, சிரிப்பது மட்டும் தெரிந்தது.

கீழே பசு மாடுகள் போகும் சத்தம் கேட்டது. மணி இல்லை, ஓட்டிப்போன அம்மாவின் அதட்டல்தான். அவர் கையில் டார்ச்சும் இல்லை, எங்களைப் பார்த்து, "பொம்பளப் பிள்ளைக இந்நேரத்துல அங்க என்ன பண்ணுதிய?" என்று சத்தம் போட்டார். "சும்மா பாக்க வந்தோம்" என்று கத்தினாள் என் மாணவி. அவர் நின்று மேற்கே ஒரு தடவை பார்த்தார். "நாளைக்கும் மழைதான்" என்று சொல்லிவிட்டு மாடுகளோடு போனார்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் நின்றோம். காவலாளி பதிவேட்டை நீட்டினார். திரும்பிய நேரம் என்ற கட்டத்தில் பதினான்கு பேரும் 6.10 என்று எழுதினார்கள். பார்த்தது என்ன என்று எழுத அதில் கட்டம் இல்லை.